பங்கும் வாக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமம் ஒன்றில், தோட்ட வேலை முடிந்து பொழுது சாயும் வேளையில், ஐக்கிய நாணய சங்கத்தின் பொதுக்கூட்டம் கூடுகின்றது. பாடசாலைக் கட்டடமே மண்டபம். மாணவர் இருக்கும் வாங்குகளே ஆசனம். சொந்தக் கிணறும் இருபது பரப்புத் தோட்டமும் உடையவர் முன்வாங்கில் அமர்ந்திருப்பார். இரண்டு பரப்பைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நட்டவர் வாசற்படியருகில் நிற்பார். நிருவாக சபைத் தெரிவு வந்ததும் முன்வாங்கில் ஒரு கை எழும். வாசற்படியில் ஒரு கை எழும். எண்ணுகின்றவருக்கு இரண்டும் ஒன்றே. சங்கத்தில் ஒருவர் ஐம்பது பங்கு வைத்திருக்கலாம், மற்றவர் ஒரே பங்கு வைத்திருக்கலாம். வாக்கு ஆளுக்கு ஒன்று. வாக்குகள் சமமாக வந்தால் மட்டும் தலைவருக்கு மேலும் ஒன்று உண்டு.

இது ஊரவரின் பெருந்தன்மையால் வந்த வழக்கம் அன்று. சட்டம் வகுத்த விதி. இலங்கையின் கூட்டுறவுச் சட்டத்தில் அங்கத்தவர் எவருக்கும் ஒரு வாக்குக்கு மேல் இல்லை என்று எழுதப்பட்டது. அதனோடு இன்னுமொரு வேலியும் போடப்பட்டது: தனிமனிதர் எவரும் சங்கத்தின் பங்கு மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதற் சட்டம் வந்த பின்னர், இந்த விதி வடக்கிலே நன்றாக வேரூன்றியது. 1929இல் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு மத்திய வங்கி தோன்றியது. புகையிலையைத் திருவிதாங்கூருக்கு அனுப்பிய கமக்காரர் தமக்கென விற்பனைச் சங்கம் அமைத்தனர். மூளாயில் கூட்டுறவு முறையிலே ஒரு வைத்தியசாலையே எழுந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்த வீ. வீரசிங்கம் இவ்வியக்கத்துக்காக உழைத்தமையால், யாழ்ப்பாண நகரில் கூட்டுறவாளர் எழுப்பிய மண்டபம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கைதூக்கி வாக்களித்துப் பழகிய இத்தகைய ஊரிலே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்குக் கொழும்பிலிருந்து தடித்த தபாலுறை ஒன்று வருகின்றது. வங்கி ஒன்றிலோ கம்பனி ஒன்றிலோ அவர் என்றோ வாங்கிவைத்த பங்குகளின் பொருட்டு வந்தது அது. உள்ளே பளபளப்பான தாளில் ஆண்டறிக்கை, படங்கள், வரவு செலவு. கடைசியில் ஒரு மெல்லிய தாள். அதன் தலைப்பிலே ‘பதிலாள் படிவம்’ என்று இருக்கும். ஆண்டறிக்கையைப் பேரப்பிள்ளைகள் படம் பார்க்க எடுத்துக்கொள்வார்கள். மெல்லிய தாள் மேசை லாச்சிக்குள் போய்விடும். பங்கிலாபம் வந்ததா என்று பார்ப்பதோடு பங்குதாரரின் கடமை முடிந்துவிட்டதாக எண்ணுவோரே பெரும்பாலர்.

எறியப்படும் அந்த மெல்லிய தாளுக்காகவே உலகின் பெரிய கம்பனிகளில் போர்கள் நடந்துள்ளன.

கம்பனி என்பது கூட்டுறவுச் சங்கத்துக்கு நேர்மாறான கணக்கிலே இயங்குவது. அங்கே ஆளுக்கு வாக்கு இல்லை, பங்குக்கு வாக்கு. ஆயிரம் பங்குடையவருக்கு ஆயிரம் வாக்கு. பங்குதாரர் கம்பனியை நேரே நடத்துவதில்லை. பணிப்பாளர் சபையைத் தெரிந்து, அதனிடம் ஒப்படைக்கின்றார். இலாபத்தில் எவ்வளவு பகிர்வது, யாரை முகாமையாளராக வைப்பது, எந்த நிலத்தை விற்பது என்பவை எல்லாம் அந்தச் சபையின் கையில். ஆகவே சபையில் ஓர் ஆசனம் என்பது வெறும் நாற்காலி அன்று. கணக்குப் புத்தகங்களை உள்ளிருந்து பார்க்கும் உரிமையும் அதனோடு வருகின்றது.

பொதுக்கூட்டத்தில் வாக்கெடுக்கும் முறை இரண்டு. முதலாவது கைதூக்கல். அப்போது மட்டும் கம்பனியும் கூட்டுறவுச் சங்கம் போலவே தோன்றும். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கை. முடிவை ஏற்காதவர்கள் பங்குவாரியான வாக்கெடுப்பைக் கோரலாம். அது கோரப்பட்டதும் கைகள் மறைந்து பங்குகள் மேடைக்கு வரும்.

கற்பனையான கணக்கு ஒன்றால் இது விளங்கும். கம்பனி ஒன்றில் 1,00,000 பங்குகள் உள. கூட்டத்துக்கு 52 பேர் வந்துள்ளனர். புதியவர் ஒருவர் பணிப்பாளர் பதவிக்கு நிற்கின்றார். கைதூக்கலில் அவருக்கு ஆதரவு 40, எதிர்ப்பு 12. மண்டபம் கைதட்டுகின்றது. உடனே பங்குவாரி வாக்கெடுப்புக் கோரப்படுகின்றது. ஆதரித்த 40 பேரின் பங்குகளைக் கூட்டினால் 12,000; எதிர்த்த 12 பேரின் பங்குகள் 20,000. அத்துடன் தலைவர் தம் முன்னாலுள்ள கட்டை அவிழ்க்கின்றார். அவை வராதவர்கள் அனுப்பிய பதிலாள் படிவங்கள், பங்குகள் 26,000, அவையும் எதிர்ப்பு. 12,000க்கு எதிராக 46,000 என்று முடிவு வாசிக்கப்படுகின்றது. எஞ்சிய 42,000 பங்குகள் எங்கே? மேசை லாச்சிகளுக்குள். அவற்றுள் 35,000 புதியவர் பக்கம் வந்திருந்தாற்கூட முடிவு மாறியிருக்கும்.

படிவத்தின் பொறிமுறையும் அறியத்தக்கது. பங்குதாரர் தாம் வர இயலாதபோது தமக்குப் பதிலாக ஒருவரைப் பெயர் குறித்து அனுப்பலாம். அவர் பங்குதாரராக இருக்கவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் படிவத்திலே கூட்டத் தலைவரின் பெயரோ பணிப்பாளர்களின் பெயரோ முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். தீர்மானங்களுக்கு எதிரே ஆதரவு, எதிர்ப்பு என இரு கட்டங்கள். கட்டங்களைத் தொடாமல் கையொப்பம் மட்டும் இட்டு அனுப்பினால், விரும்பியபடி வாக்களிக்கும் அதிகாரம் பதிலாளுக்குச் சென்றுவிடும். நல்லெண்ணத்தோடு இடப்படும் அந்த வெறுங் கையொப்பமே பதவியில் இருப்போரின் பெரும் பலம். ஒருவர் இரு தரப்புக்கும் படிவம் அனுப்பிவிட்டால், உரிய காலத்துள் வந்த பிந்தியதே பொதுவாகச் செல்லும். ஆதலால் போர் மூண்ட கம்பனிகளில் கடைசி வாரத்திலே வீடு தேடி மறுபடியும் மறுபடியும் படிவம் வரும்.

இதற்கு ஆகும் செலவை யார் கொடுப்பது? இங்கேதான் தராசு சரிகின்றது. 1907ஆம் ஆண்டில் இலண்டனில் ஓர் இரயில்வேக் கம்பனியின் பங்குதாரரான பீல் என்பவர் தொடுத்த வழக்கில், கம்பனியின் கொள்கையை விளக்கும் சுற்றறிக்கையையும் படிவத்தையும் முத்திரைச் செலவையும் பணிப்பாளர்கள் கம்பனிப் பணத்திலிருந்தே செலுத்தலாம் என்று தீர்ப்பாயிற்று. எதிர்த்து நிற்பவரோ தம் சட்டைப் பையிலிருந்து செலவிடவேண்டும். அவர் கேட்பது கம்பனியின் நன்மைக்காகவே எனினும், தபால் முத்திரை அவருடையது.

அமெரிக்காவில் 1954ஆம் ஆண்டில் நடந்த போர் இவ்வகையில் பேர்போனது. நியூயோர்க் சென்ட்ரல் இரயில்வேயைக் கைப்பற்ற விரும்பிய ரொபர்ட் யங், நாடெங்கும் சிதறியிருந்த சிறு பங்குதாரரை நோக்கிப் பத்திரிகை விளம்பரங்களால் பேசினார். சபையில் ஒரு பெண்ணை அமர்த்துவதாக உறுதி கூறி, ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழைக் கணவரோடு நிறுவிய லீலா வாலஸ் அம்மையாரைத் தம் பட்டியலில் நிறுத்தினார். வென்றார். ஆனால் பங்குதாரர் எதிர்பார்த்த செல்வம் வரவில்லை. 1958 தொடக்கத்தில் பங்கிலாபமே நிறுத்தப்பட்டது. வாக்குக் கேட்டவரின் வாக்குறுதியும் கம்பனியின் இரும்புப் பாதையும் வேறு வேறு என்பதை அப்பங்குதாரர் காலந் தாழ்த்தி அறிந்தனர்.

தமிழருக்கு அணித்தான கதை தூத்துக்குடியில் உள்ளது. 1920இல் நாடார் மகாஜன சங்கத்தின் மாநாட்டிலே எழுந்த எண்ணத்தின் பயனாக, 1921இல் நாடார் வங்கி அங்கே நிறுவப்பட்டது. வணிகத்துக்குக் கடன் கிடையாது தவித்த ஒரு சமூகம் தன் கைப்பணத்தைச் சேர்த்துக் கட்டிய வங்கி அது. 1937இல் கொழும்பிலும் கிளை திறந்தது. இரண்டு ஆண்டில் அது மூடப்பட்டது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. வங்கி வளர்ந்தது, வைப்புகள் பெருகின, ஆயினும் பங்குகளின் தொகை பெருகவில்லை. பத்து ரூபாய் முகப்பெறுமதியில் 2,84,454 பங்குகள் மட்டுமே இருந்தன. மூலதனம் முப்பது இலட்ச ரூபாய்க்கும் குறைவு. அதன்மேல் பல்லாயிரங் கோடி ரூபாய் வைப்புடைய வங்கி நின்றது. அப்பங்குகளுள் 1,42,228 ஐக் கைக்கொண்டவர் பாதிக்கு மேற்பட்ட பங்குக்கு உரியவர் ஆவார். சிறிய பூட்டுக்குப் பின்னால் பெரிய களஞ்சியம் இருந்தமையால், பூட்டின்மேல் எல்லோர் கண்ணும் சென்றது.

1990களின் நடுப்பகுதியில் எஸ்ஸார் குழுமத்தினர் ஏறத்தாழ 67 வீதப் பங்குகளைச் சேர்த்துக்கொண்டனர். பங்குகளை விற்றவர்களும் வங்கியை வளர்த்த அதே சமூகத்தினரே என்பது இக்கதையின் கசப்பான பகுதி. நல்ல விலை வந்தபோது விற்றனர். வங்கி கைமாறப்போகின்றது என்று தெரிந்தபோது திடுக்கிட்டனர். பின்னர் அப்பங்குகள் சென்னைத் தொழிலதிபர் சி. சிவசங்கரனிடம் சென்றன. தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தன் முதலியோர் முன்னின்ற மீட்பு முயற்சி எழுந்தது. சமூகத்தவரிடம் பணம் திரட்டி ஒரு பகுதிப் பங்குகள் திரும்ப வாங்கப்பட்டன. இன்னொரு பகுதி வெளிநாட்டு முதலீட்டாளர் பெயருக்குச் சென்றது. அதன்மேல் வழக்குகள் எழுந்தன. யார் பங்குதாரர், யாருடைய வாக்கு எண்ணத்தக்கது என்பது தீராதவரை கூட்டம் கூட்டவும் வழியில்லை. பல ஆண்டுகளின் பொதுக்கூட்டங்கள் உரிய காலத்தில் நடைபெறவில்லை.

இங்கே வங்கிகளுக்கே உரிய ஒரு தடையையும் குறிப்பிடவேண்டும். இந்திய வங்கிச் சட்டத்தில், பங்கு எத்துணை இருப்பினும் ஒருவர் செலுத்தும் வாக்குக்கு மேலெல்லை உண்டு. 1949இல் அது மொத்த வாக்கின் 5 வீதமாக இருந்தது. 1963ஆம் ஆண்டின் திருத்தம் அதை 1 வீதமாகக் குறைத்தது. 1994இல் 10 வீதமாகவும் 2016இல் 26 வீதமாகவும் உயர்த்தப்பட்டது. வங்கியில் கிடப்பது பங்குதாரரின் பணமன்று, வைப்பாளரின் பணம். ஆதலால் பணம் படைத்த ஒருவரே பெட்டியின் திறப்பை எடுத்துவிடலாகாது என்பது அதன் கருத்து. பங்குக்கு வாக்கு என்ற கம்பனி விதிக்கும் ஆளுக்கு வாக்கு என்ற சங்க விதிக்கும் இடையிலே வங்கிச் சட்டம் ஒரு நடுவழியைத் தேடிற்று என்று சொல்லலாம்.

2016இல் ஒரு பங்குக்கு 500 பங்கு இலவசமாக வழங்கப்பட்டது. 2,84,454 பங்குகள் பதினான்கு கோடிக்கும் மேலாயின. 2022 செப்டெம்பரில் வங்கி பொதுமக்களுக்குப் பங்கு விற்றுச் சந்தையில் பதிவானபோதும், மூலதனத்தில் 37 வீதத்துக்கு மேற்பட்ட பங்குகள் ஏதோவொரு வழக்கில் சிக்கியிருந்தன. ஒரு தலைமுறை கடந்தும் பூட்டின் சிக்கல் முழுதும் அவிழவில்லை.

தூத்துக்குடியில் போர் சமூகத்துக்கும் வெளியாருக்கும் இடையே நிகழ்ந்தது. சென்னையில் 2020இல் நிகழ்ந்ததோ ஒரே குடும்பத்துள். 1900இல் பர்மாவின் மோல்மீனில் செட்டிநாட்டார் ஒருவர் தொடங்கிய கடையிலிருந்து வளர்ந்தது முருகப்பா குழுமம். அக்குடும்பத்து எம். வி. முருகப்பன் 2017இல் மறைந்தார். அவருக்கு ஆண் மக்கள் இல்லை. மனைவியும் இரு புதல்வியரும் குழுமத்தின் முதலீட்டுக் கம்பனியான அம்பாடியில் 8 வீதத்துக்குச் சற்று மேற்பட்ட பங்குகளுக்கு உரியவராயினர். மூத்த புதல்வி வள்ளி அருணாசலம், அணுப் பொறியியலில் உயர்பட்டம் பெற்றவர். தந்தையின் ஆசனத்தைக் கேட்டார். பெண்கள் எவரும் அந்தச் சபையில் இல்லை. அது வாக்குக்கு விடப்பட்டது. 2020 செப்டெம்பர் 21ஆந் திகதிப் பொதுக்கூட்டத்தில் 91.36 வீத வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. குடும்பத்தின் மற்றைக் கிளைகள் யாவும் ஒரு பக்கம் நின்றன என்பதை அந்த இலக்கமே பேசிவிடுகின்றது. பேச்சுகள் நீண்டு, 2023 ஆகத்தில் இரு சாராரும் இணக்கத்துக்கு வந்தனர்.

சரி பிழையைக் குடும்பத்தாருக்கு விட்டுவிடலாம். கணக்கை மட்டும் பார்ப்போர்க்கும் அதில் பாடம் உண்டு. ஒவ்வோர் ஆசனமும் தனித்தனியே பெரும்பான்மையால் தீர்க்கப்படும்போது, 51 வீதம் உடையவர் எல்லா ஆசனங்களையும் எடுத்துக்கொள்வார். 49 வீதம் உடையவருக்கு ஒன்றும் இல்லை. இதற்கு மாற்றாக வாக்குகளைத் திரட்டியிடும் முறை ஒன்றுண்டு. பன்னிரண்டு ஆசனங்கள் எனில் பங்கொன்றுக்குப் பன்னிரண்டு வாக்கு. அவை அனைத்தையும் ஒருவருக்கே இடலாம். அப்படியாயின் பதின்மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 8 வீதத்துக்கும் குறைவான பங்குடையவரே ஓர் ஆசனத்தை நிச்சயமாக்கிக்கொள்ளலாம். இந்தியச் சட்டம் இத்தகைய முறையை அனுமதிக்கின்றது. ஆனால் கம்பனியின் அமைப்பு விதிகள் இடங்கொடுத்தால் மாத்திரமே. அமைப்பு விதிகளை மாற்றுவதற்கோ பெரும்பான்மையின் வாக்கு வேண்டும்.

இலங்கையின் கம்பனிச் சட்டம் 1861இல் தொடங்கி, 1938, 1982, 2007 ஆகிய ஆண்டுகளில் புதிதாக எழுதப்பட்டது. இன்றுள்ள 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, 10 வீத வாக்குரிமை உடையவர்கள் விசேட பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டும்படி பணிப்பாளரைக் கோரலாம். சாதாரண பெரும்பான்மையாலேயே பணிப்பாளர் ஒருவரை நீக்கலாம். எழுபது வயதை எட்டியவர் சபையில் தொடரவேண்டுமாயின், வயதெல்லை அவருக்குப் பொருந்தாது என்று பங்குதாரர் தீர்மானிக்கவேண்டும். கொழும்புக் கம்பனிகளின் அறிவித்தல்களில் இத்தீர்மானம் அடிக்கடி காணப்படும். முதியோர் சபையில் நீடிப்பது பங்குதாரரின் கையில்தான் இருக்கின்றது. கையை உயர்த்தாதவருக்கு அது தெரிவதில்லை.

குடாநாட்டுப் பங்குதாரருக்கோ இந்தப் படிவம் ஒரு காலத்தில் சோம்பலுக்கு உதவும் வசதியாக இருக்கவில்லை. கூட்டங்கள் கொழும்பிலே நடக்கும். 1990இல் யாழ்தேவி நின்றது; அதே ஆண்டில் தரைவழியும் அடைபட்டது. ஏ-9 பாதை 2002இல் திறந்து, 2006 ஆகத்தில் மீண்டும் மூடுண்டது. வாக்களிக்க வேறு வழியில்லை. மெல்லிய தாளே வழி. பெரும்பாலான கம்பனிகள் படிவம் கூட்டத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன் தம் அலுவலகத்துக்குக் கிடைக்கவேண்டும் என்று கேட்கின்றன. கடல் வழியாகவும் ஆகாய வழியாகவும் போக்குவரத்துத் தட்டுத்தடுமாறிய நாட்களில், பருத்தித்துறையிலோ சாவகச்சேரியிலோ இடப்பட்ட தபால் அந்த மணிக்கணக்கை எப்படி அறியும்? இடம்பெயர்ந்தவரின் படிவமோ, ஆளற்ற வீட்டின் முகவரிக்கே எழுதப்பட்டிருந்தது. சட்டம் வாக்குரிமையைப் பறிக்கவில்லை. தூரம் பறித்தது.

2009இல் போர் முடிந்த பின்னர், கொழும்புப் பங்குச் சந்தை யாழ்ப்பாணத்தில் கிளை திறந்தது. 2014இல் யாழ்தேவி திரும்பவும் நகருக்கு வந்தது. 2020இல் நோய்த்தொற்றுக் காரணமாகக் கம்பனிகள் பல தம் பொதுக்கூட்டங்களை இணைய வழியாக நடத்தத் தொடங்கவே, கோப்பாயிலிருந்தோ காரைநகரிலிருந்தோ ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே கூட்டத்தைப் பார்க்கவும் வாக்களிக்கவும் வழி பிறந்தது. அதற்கும் முன்பதிவுப் படிவம் ஒன்று உண்டு. அதற்கும் கடைசித் திகதி உண்டு. அறிவித்தலின் கீழே, சிறிய எழுத்திலே, 48 மணித்தியாலம் என்ற அந்தப் பழைய வரி இன்னமும் இருக்கின்றது.